பாட்டியின் ஒப்பாரியும் பேத்தியின் ஆட்டமும்

பாட்டு என்பது பாடுவோர் வாயில் ஒன்றாகவும் கேட்போர் செவியில் பலவாகவும் விளங்கும் இயல்பினது. இதனை நம் உரையாசிரியர்கள் நன்கு அறிந்திருந்தனர். திருக்குறள் ஒன்றே, அதற்குப் பழைய உரைகள் பத்து என்பது மரபு. ஒரே குறளுக்கு மணக்குடவர் ஒரு பொருள் கண்டார். பரிமேலழகர் வேறொரு பொருள் கண்டார். அதனால் குறள் சிறுத்துவிடவில்லை; பெருகிற்று. ஆனால் உரைவேறுபாடு என்பது நூலைக் கற்றவரிடையே எழுவது. நூலைத் தொடாத ஒருவரும் தொட்டும் படிக்காத ஒருவரும் அதனைக் குறித்து முரண்படுவாராயின் அதற்கு உரைவேறுபாடு என்று பெயரில்லை. வெறும் பூசல் என்றே பெயர்.

அத்தகைய பூசலொன்று தாயகம் விட்டு வாழும் தமிழ்க் குடும்பங்களில் சில ஆண்டுகளாக நிகழ்ந்து வருகிறது. பூசலுக்குப் பொருளாய் நிற்பது 2021ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் வெளிவந்த 'என்ஜாய் எஞ்சாமி' என்னும் துள்ளிசைப் பாடல். அறிவு எழுத, சந்தோஷ் நாராயணன் இசையமைக்க, தீயும் அறிவும் பாடிய பாடல் அது. திரைப்படம் எதனையும் சாராது தனித்து வெளிவந்து, யூடியூப் வழியாகக் கோடிக்கணக்கான முறை கேட்கப்பெற்றது. தமிழ் அறியாதவரும் அதற்கு ஆடினர். பொங்கல் விழா என்றாலும் ஆண்டு விழா என்றாலும் நம் பிள்ளைகள் முதலில் கேட்பது அந்தப் பாட்டுக்கு ஆட இடம். "குறளும் பாவேந்தர் பாட்டும் ஒலிக்க வேண்டிய மேடையில் இந்தக் கூச்சல் எதற்கு?" என்று மறுப்போர் பெரியோர். "பொருள் யாருக்கு வேண்டும்? தாளம் நன்றாயிருக்கிறது, அது போதும்" என்று விடையிறுப்போர் இளையோர்.

இவ்விரு கூற்றும் பிழை என்பதே நம் கட்சி. இரண்டனுள் பெரிய பிழை பெரியோருடையது என்பதையும் தொடக்கத்திலேயே மறைவின்றிக் கூறிவிடுகிறோம்.

ஏர்பேட்டில் இவ்வினா ஏன்?

இவ்வினாவை ஏர்பேட்டிலிருந்து எழுப்புவதற்குக் காரணம் உண்டு. ரேணிகுண்டாவுக்கும் திருக்காளத்திக்கும் இடையே, கூடூர் செல்லும் இருப்புப்பாதையில் அமைந்த இவ்வூர் வட்டாரத்தில் வாழும் தமிழர் எல்லோரும் ஒரே வழியில் வந்தவரல்லர். சிலர் எங்கிருந்தும் வரவில்லை. அவர்கள் இருந்த இடத்திலேயே இருக்க, எல்லைதான் நகர்ந்தது. சென்னை மாகாணத்தைச் சேர்ந்த சித்தூர் மாவட்டம் 1953 அக்டோபர் 1ஆம் நாள் ஆந்திர மாநிலத்தோடு சேர்ந்தது. ம. பொ. சிவஞானமும் மங்கலங்கிழாரும் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாய், படாஸ்கர் பரிந்துரையின் வழி, 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி உள்ளிட்ட பகுதிகள் தமிழகத்துக்குத் திரும்பின. திருப்பதியும் திருக்காளத்தியும் திரும்பவில்லை. நேற்றுவரை ஊராராய் இருந்தவர் பொழுது விடிந்ததும் மொழிச் சிறுபான்மையர் ஆயினர். வேறு சிலர் இரயில் வேலைக்கும் வணிகத்துக்குமாக வந்தவர். 2015இல் தொடங்கப்பெற்ற இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சிக் கழகமும் ஏர்பேட்டு வட்டாரத்தில் நிலையான வளாகம் கண்டபின் வந்து சேர்ந்தவர் இன்னும் சிலர். 2022 ஏப்ரலில் சித்தூர் மாவட்டம் பிரிக்கப்பட்டு ஏர்பேடு புதிய திருப்பதி மாவட்டத்துள் வந்தது. எல்லைகள் இவ்வாறு மாறிக்கொண்டே இருக்க, மாறாதது ஒன்று: இங்குள்ள தமிழ்ப் பிள்ளைகளிற் பெரும்பாலோர் தமிழ் எழுத்தறியாமல் வளர்கின்றனர்.

பள்ளியில் அவர்கள் கற்பது தெலுங்கும் ஆங்கிலமும் இந்தியும். தமிழ் அவர்களுக்கு வீட்டில் பேசும் மொழி மட்டுமே. மேடையில் பாட வேண்டிய தமிழ்ப் பாட்டைத் தெலுங்கு எழுத்தில் எழுதி வைத்து மனப்பாடம் செய்யும் பிள்ளைகள் நம்மிடையே உண்டு. அப்பிள்ளைக்குச் சிலப்பதிகாரம் எட்டாது, நாளிதழும் எட்டாது. செவிவழி வருவது ஒன்றே எட்டும். ஆகவே பாட்டை மறுக்கும் பெரியவர் கேளிக்கை ஒன்றை மறுப்பதாக எண்ணலாகாது. அப்பிள்ளைக்குக் கிட்டிய தமிழ் முழுவதையுமே மறுக்கின்றார்.

இன்னுமொன்று. பாடலாசிரியர் அறிவின் ஊர் அரக்கோணம். அங்கு இரயிலேறித் திருத்தணியும் புத்தூரும் கடந்து, ரேணிகுண்டாவில் கூடூர்த் தடத்துக்குத் திரும்பினால் ஏர்பேடு. நம் அண்டை ஊரான் ஒருவன் உலகறியப் பாடிய பாட்டுக்குப் பொருள் என்ன என்று நம் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்ல ஆளில்லை என்றால், அது எண்ணிப் பார்க்கத்தக்க செய்தியன்றோ?

பாட்டுக்குள் புதைந்த வரலாறு

அப்பாடல் ஒரு மூதாட்டியிடமிருந்து பிறந்தது. அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டவர். பாடற்காட்சியிலும் அவர் தோன்றுகிறார். பாட்டி சொன்ன கதைகளே தம் பாட்டுக்கு வித்து என்று அறிவு வெளிப்படையாகவே கூறியுள்ளார். அக்கதைகளின் பின்னணியை நம் இளையோர் அறிதல் வேண்டும். முதியோர் பலரும் அறிதல் வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் கண்டி மலைநாட்டில் வெள்ளையர் காப்பித் தோட்டம் வளர்த்தனர். அதற்கு ஆள் வேண்டியிருந்தது. தமிழகத்தில் நிலமின்றி உழன்றவர்களைப் பஞ்சம் ஒருபுறமும் கடன் ஒருபுறமும் சாதிக் கொடுமை ஒருபுறமும் துரத்தின. கங்காணியின் சொல்லை நம்பி அவர்கள் கடல் கடந்தனர். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்தவர்களுள் காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே மாண்டவர் மிகப் பலர். 1869இல் தலைகாட்டிய இலைநோய் காப்பியை அழிக்கத் தொடங்கியது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கி வைத்திருந்த தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. பயிர் மாறிற்று; கொழுந்து கிள்ளியவர் வாழ்ந்த லயம் மாறவில்லை.

இலங்கை விடுதலை பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே வந்த குடியுரிமைச் சட்டம், தோட்டத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கிற்று. 1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஓர் உடன்படிக்கை செய்தனர். 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர்ப் பார்ப்பது என்று முடிவாயிற்று. எஞ்சியோரை 1974ஆம் ஆண்டு உடன்படிக்கை சரிபாதியாகப் பங்கிட்டது. பாகப்பிரிவினையில் ஆடுமாடுகளைப் பங்கிடுவதுபோல் மக்கள் பங்கிடப்பட்டனர். அண்ணன் அங்கும் தம்பி இங்குமாகப் பிரிந்த குடும்பங்கள் எத்தனையோ. வந்தவர்களுக்கு வேலை தருவதற்காகவே நீலகிரியில் 1968இல் அரசு தேயிலைத் தோட்டம் தொடங்கப்பெற்றது. கேரளம், கர்நாடகம், ஆந்திரம் ஆகிய மாநிலங்களிலும் சிலர் குடியமர்த்தப்பட்டனர். நூற்றாண்டுக்கு மேலாக ஒரு மலையைப் பசுமையாக்கியவர்கள், கையில் ஒரு தகரப்பெட்டியோடு, தாம் கண்டறியாத 'தாய்நாட்டில்' வந்திறங்கினர்.

இந்த மக்களின் துயர் தமிழ் இலக்கியத்துக்குப் புதிதன்று. பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்தில் வாடிய பெண்களைப் பாரதியார் பாடினார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குச் சென்றவர்களின் அழிவைப் புதுமைப்பித்தன் 'துன்பக் கேணி'யில் எழுதினார். மலையகத்திலேயே பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை தோட்டத்து மக்களின் நாட்டுப்பாடல்களைத் திரட்டினார். அந்த நெடிய வரிசையில் வந்து நிற்பதுதான் அரக்கோணத்துப் பேரனின் பாட்டு. உழைத்து வளர்த்த தோட்டத்தின் பயன் உழைத்தவருக்கு ஏன் கிட்டவில்லை என்று அது கேட்கிறது. மண் மனிதனுக்கு மட்டும் உரியதன்று, பிற உயிர்களுக்கும் உரியது என்று சொல்கிறது. முன்னோரை விளித்து அழைக்கிறது. இடையிடையே ஒப்பாரியின் இழை ஓடுகிறது. இதனைப் பொருளற்ற கூச்சல் என்போர் பாட்டைக் கேட்கவில்லை. பக்கத்து அறையிலிருந்து அதன் ஒலியைப் பொறுத்துக்கொண்டார்கள், அவ்வளவே.

ஒரு சொல், நான்கு செவி

பாட்டின் பெயரையே எடுத்துக்கொள்வோம். 'எஞ்சாமி' என்பது 'என் சாமி' என்பதன் பேச்சு வடிவம். இச்சொல் நான்கு செவிகளில் நான்காக விழுகிறது.

எண்பதை எட்டிய மூதாட்டியின் செவியில் அது கொஞ்சுமொழி. பேரனைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவள் சொன்ன சொல் அது. அவளுடைய தாயின் செவியிலோ அதுவே வேறு பொருள் தந்திருக்கும். வரப்பில் நின்ற நிலக்கிழாரை நோக்கிக் கைகட்டி விளித்த சொல் அது. அடிமைப்பட்டவர் ஆண்டையை அழைத்த சொல்லை, அதே வாயால், தன் குலக்கொழுந்துக்குச் சூட்டி மகிழ்ந்தாள் அந்தப் பாட்டி. எந்தப் புலவரும் கற்பிக்காத சொல்லாட்சி இது. ஆண்டைக்கு உரியதென விதிக்கப்பட்ட மதிப்பைப் பறித்து இடுப்புக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டாள்.

நடுத்தலைமுறையினர் செவியில் அது பாமரச் சொல். அலுவலகத்திலும் குடியிருப்பிலும் நான்கு பேர் நடுவே தம்மைத் 'திருத்தமாக' நிறுத்திக்கொள்ளப் பாடுபட்ட அவர்கள், தாம் விட்டு விலகி வந்த குடிசையின் வாடையை அச்சொல்லில் நுகர்ந்து முகம் சுளிக்கின்றனர். இளைய தலைமுறையின் செவியிலோ, முன்னால் நிற்கும் ஆங்கிலச் சொல் மட்டுமே விளங்குகிறது. பின்னால் வருவது அதற்கு எதுகையாய் வந்த வெற்றோசை. திருப்பதி வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு அதிலும் ஒரு குழப்பம்: மலையேறும் அடியார்கள் ஒருவரையொருவர் 'சாமி' என்று அழைப்பதை நாள்தோறும் கேட்டு வளர்பவர்கள் அவர்கள். எனவே இதனைப் பத்திப் பாட்டென்று எண்ணும் பிள்ளையும் உண்டு.

இந்நான்கு பொருளில் எது சரி என்று நாம் கேட்கவில்லை. நான்கும் ஒரே வீட்டில், ஒரே கூடத்தில், ஒன்றையொன்று அறியாமல் குடியிருக்கின்றனவே என்பதுதான் நம் கவலை. பேத்தி 'அவ்வா' என்று தெலுங்குப் பழக்கத்தில் அழைக்கிறாள். பாட்டி 'என் சாமி' என்று விடையிறுக்கிறாள். இரவு முழுதும் அதே சொல்லுக்கு ஆடிப் பழகும் பேத்தி, தன்னை அழைத்த சொல்தான் தான் ஆடும் சொல் என்பதை அறியாள். அதைச் சொல்வதற்கு இடையில் இருக்கும் தலைமுறை வாய் திறக்கவில்லை.

பெரியோர் கூறும் குற்றங்கள்

பெரியோர் கூறும் குற்றங்கள் மூன்று. முதலாவது, இக்காலப் பாட்டுக்குப் பொருளில்லை என்பது. இதனைச் சொல்வோரின் இளமைக்காலத்தை நினைவூட்ட விரும்புகிறோம். 1970களில் சிலோன் மனோகர் பாடித் தமிழகமெங்கும் பரவிய 'சுராங்கனி'யை அறியாதவர் அவர்களுள் எத்தனை பேர்? கல்லூரிச் சுற்றுலாப் பேருந்துகளிலும் திருமண வீடுகளிலும் கைதட்டிப் பாடப்பெற்ற அப்பாட்டில் சிங்களச் சொற்கள் நிறைந்திருந்தன. மீன்காரன் ஒருவன் சுராங்கனி என்னும் பெண்ணுக்கு மீன் கொண்டுவந்த செய்தி அது என்று அன்று ஆடியவர்களுள் எத்தனை பேர் அறிவார்? சிங்களம் விளங்காமல் ஆடியது குற்றமில்லை என்றால், தமிழ் விளங்காமல் ஆடும் பேத்தி மட்டும் குற்றவாளி ஆவது எங்ஙனம்? அவர்களுடைய தந்தையரும் அன்று இதே சொற்களால்தான் கடிந்துகொண்டனர். ஒவ்வொரு தலைமுறையும் தன் துள்ளலை இசை என்றும் அடுத்த தலைமுறையின் துள்ளலை இரைச்சல் என்றும் பெயரிட்டு வருகிறது.

இரண்டாவது குற்றம், ஆங்கிலக் கலப்பு. மொழித்தூய்மையில் நமக்கு அக்கறை இல்லாமல் இல்லை. 2011இல் 'கொலவெறி'ப் பாட்டு பரவியபோது எழுந்த கண்டனத்தில் நியாயம் ஓரளவு இருந்தது. ஆனால் இப்பாட்டைப் பழிப்போர் தோட்டத்துத் தமிழை அறியார். வரிசை வீடுகளைக் குறிக்கும் 'லயம்' ஆங்கிலச் சொல்லின் திரிபு. விடியற்காலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடும் 'பெரட்டு' ஆங்கிலச் சொல்லின் திரிபு. அச்சொற்களை அந்த மக்கள் நாகரிகத்துக்காக ஏற்கவில்லை, அடித்துப் புகட்டப்பட்டன. பாட்டியின் வாழ்வில் ஆங்கிலம் ஆணையாக நுழைந்தது. பேரன் அதே ஆங்கிலத்திலிருந்து மகிழ்ச்சியைக் குறிக்கும் சொல்லொன்றைத் தேர்ந்தெடுத்துப் பாட்டியின் கொஞ்சுமொழிக்கு முன்னே நிறுத்தினான். இக்கலப்பைப் பழிப்பதற்குமுன் முந்தைய கலப்பின் வரலாற்றைப் படித்துவிட்டு வருமாறு வேண்டுகிறோம்.

மூன்றாவது குற்றம் வாய்விட்டுச் சொல்லப்படுவதில்லை. அதுவே மெய்யான குற்றச்சாட்டு. 'மங்கல விழாவில் ஒப்பாரிச் சாயல் எதற்கு? தோட்டக் கூலிகள் கதை எதற்கு? தெலுங்கு அன்பர்கள் முன்னிலையில் நம் பெருமையைக் காட்ட வேண்டாமா?' என்பதே அது. அதாவது, மேடைக்குக் கல்லணையும் கங்கைகொண்ட சோழபுரமும் வேண்டும். கங்காணியும் கடனும் வேண்டா. கடல் கடந்து வென்ற தமிழன் வேண்டும். கடல் கடந்து கூலியான தமிழன் வேண்டா. சில சங்க மேடைகளில் இப்பாட்டு நிகழ்ச்சி நிரலிலிருந்து அடிக்கப்பட்டதற்கு உண்மைக் காரணம் இந்த நாணமே என்று நாம் துணிந்து கூறுகிறோம்.

இந்நாணம் புதிதன்று. கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தன் சரித்திரக் கீர்த்தனைகளை இயற்றியபோது, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அதன் இலக்கண வழுக்களைக் கண்டு சிறப்புப்பாயிரம் தரத் தயங்கினார் என்பது இலக்கிய வரலாறு. பின்னர் பாரதியார் பாடக் கேட்டு உள்ளம் உருகிப் பாயிரம் அளித்தார். அப்பெரும்புலவருக்கு இருந்த பெருந்தன்மை இன்று நிகழ்ச்சி நிரல் வகுப்போர்க்கு இல்லை. இன்னொரு முரணையும் காண்க. பண்ணையாளாய் இருந்த நந்தன், சிதம்பரம் செல்ல ஒருநாள் விடுப்புக் கேட்டு ஆண்டையிடம் மன்றாடிய கதைதான் அக்கீர்த்தனை. அதனைக் கச்சேரியில் கேட்டுக் கண்ணீர் மல்கும் அதே பெரியோர், அதே ஆண்டையை நோக்கி அதே மக்கள் எழுப்பிய குரல் வேறொரு தாளத்தில் வந்தால் செவியைப் பொத்திக்கொள்கின்றனர். நூறாண்டு பழகிய துயரம் அவர்களுக்குக் கலை. நேற்றைய துயரம் அவர்களுக்குக் கூச்சல்!

இளையோர்க்கும் ஒரு சொல்

இவ்வளவும் கூறியதனால் இளையோர் பக்கம் நாம் முழுவதுமாய்ச் சாய்ந்துவிட்டதாக அவர்கள் மகிழ வேண்டா. 'தாளம் போதும், பொருள் வேண்டா' என்னும் அவர்கள் கூற்று எளிமையானதுபோல் தோன்றும்; விளைவு கொடியது.

ஒப்பாரிச் சாயலுள்ள பாட்டுக்கு ஆடுவது தவறா என்றால், இல்லை. இறுதி ஊர்வலத்தில் பறையொலிக்கு ஆடி முன்னோரை வழியனுப்பும் மரபு நம்முடையது. அழுகையும் ஆட்டமும் தமிழர்க்குப் பகையல்ல. அங்கு ஆடுபவன் இறந்தவர் இன்னார் என்று அறிந்து ஆடுகிறான். யாருக்காக என்று அறியாமல் ஆடுவதே குறை.

பொருள் வேண்டா என்று விட்டால் அடுத்து விடுபடுவது பாடியவன் பெயர். இதற்கு இப்பாட்டே சான்று. 2021 ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' இதழ் தன் அட்டையில் தீயின் படத்தையும் கனடாவைச் சேர்ந்த தமிழ்ப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பாலின் படத்தையும் வெளியிட்டது. அவ்விருவர் பாடிய பாட்டுகளுக்கும் சொல் தந்த அறிவின் படம் அதில் இல்லை. இயக்குநர் பா. ரஞ்சித் முதலியோர் வெளிப்படையாகக் கண்டித்தனர். அதன்பின் அவ்விதழ் அறிவின் படத்தோடு இணைய அட்டையொன்றை வெளியிட்டது. 2022 சூலை 28ஆம் நாள் சென்னையில் சதுரங்க ஒலிம்பியாடு தொடக்க விழாவில் இப்பாட்டு பாடப்பெற்றபோதும் அறிவு மேடையில் இல்லை. அதனைத் தொடர்ந்து பாட்டின் ஆக்கத்தில் எவர் பங்கு எவ்வளவு என்னும் வழக்காடல் பொதுவெளியில் எழுந்தது. இசையமைப்பாளரும் பாடகியும் தம் விளக்கங்களை அளித்தனர். 2024இல் இசையமைப்பாளரே, கோடிக்கணக்கானோர் கேட்ட இப்பாட்டால் தமக்கு வருவாய் கிட்டவில்லை என்று கூறினார். அவ்வழக்குகளில் தீர்ப்புக் கூறுவது நம் வேலையன்று. நாம் காட்ட விரும்புவது ஒன்றே. உழைத்தவனுக்கு விளைச்சல் ஏன் சேரவில்லை என்று கேட்ட பாட்டு, தானே அவ்வினாவுக்கு எடுத்துக்காட்டாய் நின்றது. பொருளைக் கேட்டிருந்தவர்களுக்கு இம்முரண் உடனே உறைத்தது. தாளத்தை மட்டும் கேட்டவர்களுக்கு உறைக்கவில்லை. அடுத்த பாட்டுக்குப் போய்விட்டனர்.

எனவே இளையோரே, ஆடுங்கள், ஆனால் ஆடுமுன் வீட்டிலுள்ள மூத்தோரிடம் ஒரு வினாவையேனும் கேளுங்கள்: "நாம் எங்கிருந்து வந்தோம்? ஏன் வந்தோம்?" வேலைக்காக வந்தோம் என்று ஒற்றைச் சொல்லில் விடை வந்தால், அதற்குமுன் என்ன என்று மீண்டும் கேளுங்கள்.

காளத்திமலை காட்டும் வழி

வழக்கைத் தீர்க்க நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. பொன்முகலிக் கரையில், நம் ஊருக்கு அடுத்த திருக்காளத்தியிலேயே இதற்கு விடை இருக்கிறது. திண்ணனார் என்னும் வேடர் வாயில் நீர் முகந்து வந்தார். தலைமயிரில் மலர் செருகி வந்தார். தாம் மென்று சுவை பார்த்த இறைச்சியைப் படைத்தார். ஆகமம் கற்ற சிவகோசரியார் காலையில் வந்து கண்டு பதறினார்; எல்லாவற்றையும் துடைத்துத் தூய்மை செய்தார். அவர் தீயவரல்லர். அவருக்குத் தெரிந்த வழிபாடு அது ஒன்றே. இறைவன் அவரைத் தண்டிக்கவும் இல்லை, விலக்கவும் இல்லை. மறைந்து நின்று அந்த வேடனின் செயலைப் பார் என்று மட்டும் கனவில் பணித்தார். பார்த்தார், ஆறாம் நாள் உண்மை விளங்கிற்று.

நம் சங்கங்களின் சிவகோசரியார்களுக்கு நாம் விடுக்கும் வேண்டுகோளும் அதுவே. துடைப்பதை ஒருநாள் நிறுத்திவிட்டு, சற்றே நின்று பாருங்கள். எழுத்தறியாத பிள்ளை, தெலுங்கு எழுத்தில் எழுதி வைத்த தமிழ்ச் சொற்களை, பிழை ஒலிப்போடு, உள்ளம் நிறைந்து பாடுகிறதே, அது யாருடைய மொழி? தன்னிடம் இருந்ததைத் தனக்குத் தெரிந்தவாறு கொண்டுவந்து படைக்கிறது அந்தப் பிள்ளை. அதைத் துடைத்தெறிந்தபின் மேடை தூய்மையாக இருக்கும், தமிழ் இருக்காது.

இதே ஏர்பேட்டில், கேரளத்தினின்று வந்த மலையாள சுவாமிகள் 1926இல் வியாசாசிரமத்தை நிறுவினார். வேதாந்தக் கல்வி சில சாதியினர்க்கும் ஆடவர்க்கும் மட்டுமே உரியதென்று இருந்த காலத்தில், அதனை அனைவர்க்கும் பெண்களுக்கும் உரியதாக்கித் தெலுங்கு மொழியில் பரப்பினார். வெளியிலிருந்து வந்த ஒருவரால் அறிவின் கதவை இவ்வளவு அகலமாகத் திறக்க முடிந்த மண் இது. அம்மண்ணில் வாழ்ந்துகொண்டு நம் பிள்ளைகளுக்கு நம் பாட்டின் கதவையே சாத்துவது தகுமா?

செய்யத்தக்கவை

குறை கூறுவதோடு நின்றுவிடுவது எளிது. சங்கங்கள் செய்யத்தக்கவை சிலவற்றைக் கூறி அமைகிறோம்.

ஒன்று: இப்பாட்டையோ இதுபோன்ற பாட்டையோ நிரலிலிருந்து அடிக்க வேண்டா. ஆடும் பிள்ளைகளுள் ஒருவர், ஆட்டத்துக்குமுன் இரண்டு நிமிடம் நின்று, பாட்டின் பொருளையும் வரலாற்றையும் தம் சொந்தச் சொற்களில் கூற வேண்டும் என்று விதி செய்க. அவ்விரண்டு நிமிடத்துக்காக அப்பிள்ளை வீட்டில் எத்தனை பேரிடம் எத்தனை வினா கேட்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இரண்டு: நிகழ்ச்சி நிரலில் பாட்டின் பெயரோடு எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் பெயர்களைத் தவறாது அச்சிடுக. உழைத்தவர் பெயரை மறவாமை கற்பிக்கப்பட வேண்டிய பண்பு. அதைக் கற்பிக்க மூன்று வரி அச்சு போதும்.

மூன்று: நம் குடும்பங்களில் எழுபதும் எண்பதும் கடந்த மூதாட்டியர் இன்னும் இருக்கின்றனர். தாலாட்டும் நடவுப்பாட்டும் ஒப்பாரியும் அவர்கள் நெஞ்சில் இருக்கின்றன. ஒவ்வொருவர் கையிலும் ஒலிப்பதிவுக் கருவியாகக் கைப்பேசி இருக்கும் இக்காலத்தில் அவற்றைப் பதிவு செய்யாமல் விடுவது பெரும் பழி. பேத்தி பதிவு செய்யட்டும், பாட்டி பாடட்டும், நடுவே இருப்பவர் பொருள் சொல்லட்டும். மூன்று தலைமுறையும் ஒரே பாட்டைச் சுற்றி உட்காரும் நாள் அதுவாகவே இருக்கும்.

நான்கு: ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் தமிழ் எழுத்து கற்பிக்கும் வகுப்பு. 'அறம் செய விரும்பு' என்பதோடு பிள்ளைகள் விரும்பும் பாட்டின் வரிகளையும் கரும்பலகையில் எழுதுக. தான் பாடும் சொல்லைத் தமிழ் எழுத்தில் முதன்முறை படிக்கும் பிள்ளையின் முகத்தில் தோன்றும் ஒளியை எந்தப் பரிசும் தராது.

ஐந்தாவதாக ஒன்றுண்டு, அது சங்கத்தின் வேலையன்று, வீட்டின் வேலை. நாணத்தை விடுக. கடனுக்கு அஞ்சி ஊரைவிட்டு வந்த பாட்டனும், கூலியாய்க் கடல் கடந்த பூட்டியும் மறைக்கத்தக்கவர் அல்லர். அவர்கள் நடந்ததால்தான் இன்று நாம் நிற்கிறோம். அரசர் பெருமையை அயலார்க்குக் காட்டலாம். பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டியது பாட்டியின் கதை.

வேங்கடத்தைத் தமிழ் கூறும் நல்லுலகின் வடவெல்லையாக வகுத்தனர் முன்னோர். அவ்வெல்லையின் அடியில் நாம் வாழ்கிறோம். நிலத்தின் எல்லையை அரசுகள் வரைந்துவிட்டன. அதனை இனி மாற்றுவது நம் கையில் இல்லை. மொழியின் எல்லை அவ்வாறன்று. பாட்டி பாடியதைப் பேத்தி விளங்கிக்கொள்ளும் வீடுவரை தமிழ் நீள்கிறது. விளங்காத வீட்டு வாசலில் நின்றுவிடுகிறது. ஏர்பேட்டுத் தமிழர் வீடுகள் அவ்வெல்லைக்கு உள்ளே இருக்குமா, வெளியே போகுமா என்பதை முடிவு செய்யும் பொறுப்பு இன்று நாற்பதும் ஐம்பதும் அகவை கண்டு, இரு தலைமுறைக்கும் நடுவில் நிற்பவர்களுடையது. அவர்கள் வாய் திறக்கட்டும்.